கப்பல் டூர் வாங்காமல் கரீபியன் துறைமுகங்களைச் சுற்றுவது எப்படி?

மயாமியிலோ ஃபோர்ட் லாடர்டேலிலோ குரூஸ் கப்பல் ஏறும் பலருக்கும் கணக்கு இடிப்பது டிக்கெட்டில் இல்லை, தீவுகளில் இறங்கும்போதுதான். கப்பல் கம்பெனி விற்கும் ‘ஷோர் எக்ஸ்கர்ஷன்’, அதாவது தீவைச் சுற்றிக் காட்டும் கப்பல் டூர், ஆளுக்கு 50 டாலர் என்று வைத்தால்கூட, நாலு பேர் குடும்பம், நாலு துறைமுகம் என்று பெருக்கினால் 800 டாலர் ஆகிவிடும். அதே பார்படோஸில் கடற்கரைக்குப் போகும் ஊர் பஸ்ஸுக்கு ஆளுக்கு 1.75 அமெரிக்க டாலர்தான்.

கப்பல் டூரில் நாம் காசு கொடுத்து வாங்குவது ஊர் பார்ப்பதை அல்ல, ஒரு உத்தரவாதத்தை. அவர்கள் கூட்டிப்போன பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அவர்களே அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். சொந்தமாகப் போனவருக்காகக் கப்பல் நிற்காது. ஆகவே நேரத்தைச் சரியாகக் கணக்குப் போடத் தெரிந்தால் அந்த 800 டாலரில் பெரும்பகுதி கையில் நிற்கும்.

பதிவு செய்வதற்கு முன்பே பார்க்க வேண்டியது

எல்லாத் துறைமுகமும் சொந்தமாகச் சுற்றத் தோதானவை அல்ல. கப்பல் ஊருக்குள்ளேயே நிற்கிறதா, ஊருக்கு வெளியே நிற்கிறதா, கடலில் நங்கூரம் போட்டுப் படகில் இறக்குகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

நடந்தே சுற்றக்கூடியவை: போர்ட்டோ ரிக்கோவின் பழைய சான் ஹுவான், குராசாவோவின் வில்லெம்ஸ்டட், அரூபாவின் ஓரன்யெஸ்டட், பஹாமாஸின் நசாவு, ஆன்டிகுவாவின் செயின்ட் ஜான்ஸ். ஒரு நடையோ ஒரு பஸ்ஸோ போதும் என்பவை: பார்படோஸ், செயின்ட் மார்ட்டன், செயின்ட் தாமஸ், கிராண்ட் கேமன், கோசுமெல்.

பெலிஸ் சிட்டி வேறு வகை. அங்கே கடல் ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி நிற்கின்றன. மாயன் இடிபாடுகளும் குகைகளும் ஊரைவிட்டு வெகு தொலைவு. அங்கே டூர் வாங்குவதில் தப்பில்லை. கோசுமெல் தீவில் இறங்கி, மெக்சிகோவின் பெருநிலத்தில் இருக்கும் மாயன் நகரமான சிச்சென் இட்ஸா போக ஆசைப்படுபவர்களுக்கும் இதே பதில்தான். முதலில் பிளாயா டெல் கார்மெனுக்கு 40, 45 நிமிடப் படகு, பிறகு சாலையில் இரண்டரை மணி நேரம், திரும்ப அதே தூரம். சொந்தமாகச் செய்கிற வேலை அல்ல அது. கப்பல் கம்பெனிகளின் தனியார் தீவுகளில் சுற்றிப் பார்க்க ஊரே கிடையாது. சாப்பாடு பெரும்பாலும் கப்பல் கட்டணத்திலேயே அடக்கம், ஆகவே அன்று செலவில்லாத நாள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அன்றைய தேதியில் அதே துறைமுகத்தில் எத்தனை கப்பல் நிற்கும் என்பதையும் பார்த்துவிடுங்கள். குரூஸ்மேப்பர் போன்ற தளங்களில் தேதி வாரியாகக் கிடைக்கும். ஐந்து கப்பல் நிற்கும் நாளில் பஸ், டாக்சி, கடற்கரை எல்லாமே வேறு கதை.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து கிளம்பி அமெரிக்காவுக்கே திரும்பினாலும் அது வெளியே போய் மறுபடி உள்ளே வருவதுதான், ஆகவே மல்டிபிள் என்ட்ரி விசா வேண்டும். இரண்டாவது, வழியில் வரும் ஒவ்வொரு நாட்டின் விசா விதியையும் கப்பல் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மார்ட்டினிக், குவாடலூப் போன்ற பிரெஞ்சுத் தீவுகள் ஷெங்கன் எல்லைக்குள் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது விசாப் பகுதி) வராதவை. சாதாரண ஷெங்கன் விசா இருக்கிறதே என்று நம்பிப் போகக் கூடாது.

அடுத்த வண்டி விதி

கப்பல் கிளம்பும் நேரம் வேறு, எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய ‘ஆல் அபோர்டு’ நேரம் வேறு. இது பெரும்பாலும் அரை மணி முந்தியிருக்கும். திட்டத்தை இந்த நேரத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். துறைமுக வாசலுக்கு அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமானது இது: எந்த வண்டியை நம்பிக் கிளம்புகிறோமோ அது தவறினாலும், அதற்கு அடுத்த வண்டி நம்மைக் கப்பலில் சேர்க்க வேண்டும். அடுத்த வண்டியில் போனால் கப்பலைப் பிடிக்க முடியாது என்றால் நீங்கள் ஏற்கெனவே தாமதம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கப்பல் செயின்ட் தாமஸில் ஹேவன்சைட் துறையில் நிற்கிறது, மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது, ஆல் அபோர்டு 4.30. பக்கத்துத் தீவான செயின்ட் ஜானில் ட்ரங்க் பே கடற்கரைக்குப் போக ஆசை. ஊர்மக்கள் ஏறும் சஃபாரி வண்டியில் (பின்புறம் பெஞ்சு போட்ட லாரி) ரெட் ஹுக் படகுத்துறைக்கு சுமார் 40 நிமிடம். அங்கிருந்து குரூஸ் பே ஊருக்கு மணிக்கொரு படகு, 20 நிமிடப் பயணம். அங்கிருந்து பகிர்ந்து போகும் டாக்சியில் ட்ரங்க் பே கால் மணி.

திரும்பும்போது குரூஸ் பேயில் 2 மணிப் படகைப் பிடித்தால் 2.20க்கு ரெட் ஹுக். வண்டிக்குக் காத்திருப்பதையும் சேர்த்து 3.15 வாக்கில் கப்பலடியில் இருக்கலாம். அது தவறினால் 3 மணிப் படகு, 4.15க்குக் கப்பல். வியர்க்கும், ஆனாலும் ஏறிவிடலாம். 3 மணிப் படகையே முதல் திட்டமாக வைத்திருந்தால், அது தவறும்போது 4 மணிப் படகு 5.15க்குத்தான் கொண்டுவந்து விடும். அதற்குள் கப்பல் துறையைவிட்டு நகர்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் ஒரு மணி நேரக் கடல் குளியல் மட்டுமே.

கடிகாரம் செய்யும் சதி

கைபேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறும். கப்பலோ பல பயணங்களில் மயாமி நேரத்திலேயே ஓடும். கோசுமெல், ஜமைக்கா, கேமன் தீவுகள் ஆகியவை ஆண்டு முழுவதும் ஒரே நேரம்தான், கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளுவதில்லை. மார்ச் முதல் நவம்பர் வரை மயாமி ஒரு மணி முன்னால் போய்விடும். அப்போது கப்பலில் மாலை 4.30 என்றால் கோசுமெலில் கைபேசி 3.30 காட்டும். இன்னும் ஒரு மணி இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பவர்தான் துறையில் ஓடிவருகிறவர்.

பார்படோஸ், செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டன் போன்ற கிழக்குத் தீவுகளில் குளிர்காலத்தில் இது தலைகீழ். உள்ளூர் நேரம் மயாமியைவிட ஒரு மணி முன்னால். கப்பலைத் தவறவிட மாட்டோம், ஆனால் ஊர்ப் படகின் கால அட்டவணையைத் தப்பாகப் படிப்போம். சில கப்பல்கள் வழியில் கடிகாரத்தை மாற்றும், சில மாற்றாது. எது என்பது முந்தின நாள் இரவு அறைக்கு வரும் கப்பலின் தினத்தாளில் (அடுத்த நாள் நிகழ்ச்சிநிரல்) இருக்கும், அல்லது கப்பல் செயலியில். கையில் ஒரு சாதாரணக் கைக்கடிகாரம், கப்பல் நேரத்துக்கு வைத்தது, இருந்தால் தொல்லையே இல்லை.

எந்த டாலர்?

‘பத்து டாலர்’ என்று சொன்னால் எந்த டாலர் என்று கேளுங்கள். பார்படோஸ் டாலரில் பத்து என்றால் அமெரிக்கக் காசில் 5. ஆன்டிகுவா, செயின்ட் லூசியா பகுதியின் கிழக்குக் கரீபியன் டாலரில் பத்து என்றால் சுமார் 3.70, ஏனெனில் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976 முதல் கட்டிவைத்திருக்கிறார்கள். கேமனில் இது எதிர்த்திசை: ஒரு கேமன் டாலர் 1.20 அமெரிக்க டாலர், ஆகவே பத்து என்பது 12. பஹாமாஸ் டாலர் மட்டும் ஒன்றுக்கு ஒன்று. ஆனால் மீதிச் சில்லறையை பஹாமாஸ் நோட்டாகக் கொடுத்தால் அமெரிக்காவில் செல்லாது, அமெரிக்க நோட்டாகவே கேட்டு வாங்குங்கள்.

ஒரு நாளைக்கு 1 டாலர் நோட்டு பதினைந்து இருபது, 5 டாலர் நோட்டு நாலைந்து எடுத்துப்போனால் போதும். 20 டாலர் நோட்டை நீட்டினால் மீதி உள்ளூர்க் காசாக வரும், அல்லது வராது. கோசுமெலில் கார்டு மெஷின் ‘டாலரா, பேசோவா’ என்று கேட்கும். பேசோவைத் தொடுங்கள். டாலரைத் தொட்டால் அவர்கள் போட்ட மாற்று விகிதம் உங்கள் தலையில்.

டாக்சியில் ஏறுவதற்கு முன் மூன்று கேள்வி: மொத்த வண்டிக்கா ஆளுக்கா, எந்த டாலர், போக மட்டுமா போகவரவா. கோசுமெலில் கட்டணம் வண்டிக்கு, நாலு பேர் வரை, பலகையிலேயே எழுதி வைத்திருப்பார்கள். செயின்ட் தாமஸில் ஆளுக்கு. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் நாலு பேராக ஏறினால் செலவு நாலு மடங்கு.

இறங்குவதற்கு முந்தின இரவு

அந்தத் தீவின் கூகுள் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி, துறை, பஸ் நிலையம், கடற்கரை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கப்பலில் கைபேசியை ஏரோப்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள். நடுக்கடல் நெட்வொர்க்கில் மாட்டினால் வரும் பில்லுக்கு ஒரு டூரே போயிருக்கலாம். தினத்தாளில் துறைமுக ஏஜென்டின் (கப்பல் கம்பெனிக்காக அந்தத் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்) பெயரும் எண்ணும் இருக்கும், படம் எடுத்துவையுங்கள்.

பையில் வேண்டியவை: கப்பல் கார்டு, புகைப்பட அடையாள அட்டை, பாஸ்போர்ட் மற்றும் விசாவின் நகல், தண்ணீர், கப்பலில் தரும் குளியல் துண்டு, சொந்த நீச்சல் கண்ணாடி. துண்டைத் தொலைத்தால் அறைக் கணக்கில் ஏறும். அசல் பாஸ்போர்ட்டை அறைப் பெட்டகத்திலேயே வைப்பது நல்லது. கரை இறங்க அசலே வேண்டும் என்று கப்பல் அறிவிக்கும் துறைமுகம் மட்டும் விதிவிலக்கு. கப்பல் பஃபேயிலிருந்து பழமோ சாண்ட்விச்சோ கட்டிக்கொண்டு இறங்கக் கூடாது, பயிர்நோய்ச் சட்டம் உண்டு, அபராதமும் உண்டு. முத்திரை பிரிக்காத பிஸ்கட், கடலை மிட்டாய் பொதுவாகப் பிரச்சினை ஆவதில்லை.

உடுப்பில் ஒன்று: பார்படோஸ், ஜமைக்கா, ஆன்டிகுவா, செயின்ட் லூசியா, கிரெனடா போன்ற நாடுகளில் ராணுவப் பச்சைப்புள்ளி உடையைப் பொதுமக்கள் போடுவது குற்றம். குழந்தையின் தொப்பியும் இதில் சேரும்.

பார்படோஸ்: பஸ்ஸில் போக நல்ல இடம்

முதல்முறை சொந்தமாகச் சுற்றுகிறவருக்கு பார்படோஸைத்தான் சொல்ல வேண்டும். எந்தத் தூரத்துக்கும் ஒரே கட்டணம், 3.50 பார்படோஸ் டாலர். மூன்று வகை வண்டி ஓடும். நீல நிறத்தில் மஞ்சள் கோடு போட்டது அரசு பஸ். அதில் சரியான சில்லறை போட வேண்டும், மீதி கிடைக்காது. மஞ்சளில் நீலக்கோடு போட்டவை தனியார் மினிபஸ். வெள்ளையில் கருஞ்சிவப்புக் கோடு போட்டவை ‘இசட் ஆர்’ வேன்கள், நெருக்கியடித்துப் பாட்டு அலற ஓடுபவை. தனியார் வண்டிகளில் சில்லறை தருவார்கள், அமெரிக்க டாலரும் பெரும்பாலும் வாங்குவார்கள்.

துறைமுக முனையத்திலிருந்து வெளியே வந்து கடலோர நெடுஞ்சாலையில் ஊரை நோக்கி நடந்தால் இருபது நிமிடத்துக்குள் பிரின்சஸ் ஆலிஸ் பஸ் நிலையம். அங்கிருந்து ஸ்பைட்ஸ்டவுன் பஸ் மேற்குக் கரையோரமாகவே போகும். பேய்ன்ஸ் பே, ஹோல்டவுன், மல்லின்ஸ் என்று எங்கே பிடித்திருக்கிறதோ இறங்கிக்கொள்ளலாம். கடற்கரைகள் எல்லாம் பொதுவானவை, ஓட்டல் வாசலில் இருந்தாலும் மணலில் துண்டு விரிக்க யாரும் தடை சொல்ல முடியாது. திரும்பும்போது எதிர்ப்பக்கத்தில் ‘டு சிட்டி’ என்று எழுதிய கம்பத்தருகே நின்று கையை நீட்ட வேண்டும். ‘அவுட் ஆஃப் சிட்டி’ என்று எழுதிய கம்பம் ஊரைவிட்டு வெளியே போவது. கை காட்டாவிட்டால் வண்டி நிற்காது. இரண்டு பேர் போய்வர மொத்தம் 14 பார்படோஸ் டாலர், அதாவது 7 அமெரிக்க டாலர்.

பஸ்ஸே வேண்டாம் என்றால் கார்லைல் பே. துறையிலிருந்து ஊரைத் தாண்டி சுமார் மூன்று கிலோமீட்டர் நடை, மூழ்கிய கப்பல்களின் மேலே கண்ணாடி போட்டு நீந்தலாம், ஆமைகளும் வரும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ரொட்டிக் கடையைத் தேடுங்கள். இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் டிரினிடாடுக்குக் கொண்டுவந்த சாப்பாடு இன்று கிழக்குத் தீவுகள் பலவற்றில் கிடைக்கிறது. உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் வைத்துச் சுருட்டிய ரொட்டி ஒன்றே வயிற்றை நிரப்பும்.

மேற்குக் கரை மணலோரத்தில் ஒரு மரத்தை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். மான்சினீல் என்று பெயர். சின்னப் பச்சை ஆப்பிள் போல உருண்டைக் காய், பளபளக்கும் இலை, நல்ல நிழல். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள். அதன் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும், காயைக் கடித்தால் தொண்டை வெந்துபோகும். மழை வந்ததும் எல்லோரும் மரத்தடிக்குத்தான் ஓடுவார்கள். இந்த மரத்தடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே சுடும்.

மற்ற துறைமுகங்கள்

செயின்ட் மார்ட்டனில் துறையிலிருந்து ஃபிலிப்ஸ்பர்க் முன்வீதிக்கு இருபது நிமிட நடை. சோம்பலாக இருந்தால் தண்ணீர் டாக்சி. கிரேட் பே கடற்கரை ஊரின் வாசலிலேயே. விமானம் தலைக்கு மேலே உரசிப்போகும் மாஹோ கடற்கரைக்கு, கண்ணாடியில் ஊர்ப்பெயர் எழுதிய மினிபஸ்ஸில் சில டாலரில் போகலாம். சிம்ப்சன் பே பாலம் படகுகளுக்காகத் திறக்கும் நேரத்தில் சாலை அப்படியே நின்றுவிடும், அடுத்த வண்டி விதி இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். ஓடுபாதை வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது விளையாட்டல்ல. கிளம்பும் ஜெட்டின் காற்றில் தூக்கியெறியப்பட்டு 2017-ல் ஒரு பெண் இறந்தார்.

செயின்ட் தாமஸில் சஃபாரி என்பது லாரியின் பின்புறத்தில் பெஞ்சு போட்டுக் கூரை வேய்ந்த வண்டி. ஊர்மக்களுக்கான சஃபாரியில் ஒன்றிரண்டு டாலர்தான். டூரிஸ்ட் டாக்சியும் அச்சு அசல் அதே உருவம். துறை வாசலில் நிற்பவை டாக்சிகள், சாலைக்கு நடந்துபோய் உள்ளூர்க்காரர்கள் ஏறும் வண்டியில் ‘டாலர் ரைடா?’ என்று கேட்டு ஏறுங்கள். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட், ஆக்டோகிரிலீன் கலந்த சன்ஸ்கிரீனுக்கு இங்கே 2020 முதல் தடை. துத்தநாக ஆக்ஸைடு வகை கொண்டுபோங்கள்.

கிராண்ட் கேமனில் கப்பல் கடலில் நிற்கும், டெண்டர் படகில்தான் கரை. கப்பல் டூர் வாங்கியவர்களை முதலில் இறக்குவார்கள், மற்றவர்களுக்கு டோக்கன். கடைசி டெண்டர் எத்தனை மணிக்கு என்பதுதான் இங்கே உங்கள் ஆல் அபோர்டு நேரம். அலை அதிகமென்றால் துறைமுகத்தையே ரத்து செய்துவிடுவார்கள், ஆகவே பணம் திரும்பாத எதையும் முன்பதிவு செய்யக் கூடாது. ஜார்ஜ் டவுன் நூலகத்தருகே மினிபஸ்கள் நிற்கும், செவன் மைல் கடற்கரைக்கு சுமார் 3 அமெரிக்க டாலர்.

கோசுமெலில் மூன்று துறை. புன்டா லங்கோஸ்டா சான் மிகுவெல் ஊருக்குள்ளேயே இருக்கிறது. மற்ற இரண்டும் மூன்று நான்கு கிலோமீட்டர் தெற்கே. எது என்று முன்பே கேட்டுவைத்தால் டாக்சிச் செலவு கணக்கில் வரும். தீவின் கிழக்குக் கரை அழகு, நீரோட்டம் பொல்லாதது, அங்கே நீந்த வேண்டாம். ஸ்கூட்டர் வாடகை மலிவு என்று ஆசை காட்டுவார்கள். பழகாத சாலையில் விழுந்து கப்பல் மருத்துவரிடம் போனால் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

நசாவுவில் துறையிலிருந்து மேற்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஜன்கனூ கடற்கரை, இலவசம். 10-ஆம் எண் ஜிட்னி பஸ்ஸில் கேபிள் பீச் போகலாம், மாலையில் ஓட்டம் நின்றுவிடும். சான் ஹுவானில் 10 டாலர் டிக்கெட் ஒன்றே எல் மோரோ, சான் கிறிஸ்டோபல் இரண்டு கோட்டைக்கும் செல்லும், 15 வயது வரை இலவசம். வில்லெம்ஸ்டட்டில் 1888-ல் கட்டிய மிதவைப் பாலத்தில் சும்மா நடப்பதே பார்க்கத் தக்கது. பாலம் விலகி நிற்கும்போது இலவசப் படகு ஓடும். குவாடலூப்பின் பாயின்ட் ஆ பித்ரில் துறைக்கு அருகிலேயே சந்தை. அங்கே ‘கொலம்போ’ என்ற பெயரில் மஞ்சளும் மல்லியும் மணக்கும் பொடி விற்கும். 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் விட்டுப்போன குழம்புப் பொடிதான் அது.

ஞாயிற்றுக்கிழமை இறங்கும் துறைமுகம் எது என்று பார்த்துவிடுங்கள். ஆன்டிகுவாவில் நெல்சன் டாக்யார்டுக்குப் போகும் 17-ஆம் எண் பஸ் போன்றவை அன்று அரிதாகத்தான் வரும். அன்றைக்கு நடந்து முடிகிற திட்டம் மட்டும் போடுங்கள்.

திரும்பி ஏறும்போதும், ஏற முடியாதபோதும்

நாலைந்து கப்பல் நிற்கும் துறையில் கடைசி ஒரு மணி நேரத்தில் சோதனை வரிசை நீண்டுவிடும். கரையில் வாங்கிய மதுப்புட்டியை வாங்கி வைத்துக்கொண்டு கடைசி இரவுதான் திருப்பிக் கொடுப்பார்கள்.

கப்பல் போய்விட்டதென்றால் துறையில் நின்று கத்துவதில் பயனில்லை. நேரே துறைமுக ஏஜென்டிடம் போங்கள், படம் எடுத்துவைத்த எண் இப்போதுதான் உதவும். நீங்கள் ஏறவில்லை என்று தெரிந்ததும் கப்பல் ஊழியர்கள் பெரும்பாலும் அறைப் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டை ஏஜென்டிடம் கொடுத்துவிட்டே கிளம்புவார்கள். விமானம், ஓட்டல், அடுத்த தீவில் இறங்க விசா, எல்லாம் உங்கள் செலவு. அடுத்த துறைமுகம் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு விசா கேட்கும் நாடென்றால் அங்கே துரத்திப் போகாமல், அமெரிக்காவுக்கே டிக்கெட் எடுத்து, பெட்டிகளைக் கப்பல் திரும்பி வரும் நாளில் துறையில் வாங்கிக்கொள்வது சுலபம்.